பழைய மார்க்லின் பாயிண்ட்: ஒன்று ஒரு பக்கம் மட்டுமே திரும்புகிறது, இன்னொன்று உறுமுகிறது

குளச்சல்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கப்பல் வேலையில் இருந்த என் சித்தப்பா ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த மார்க்லின் பொம்மை ரயில் செட் ஒன்று, பல வருடங்கள் பரணில் கிடந்துவிட்டு இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. தகரப் படுகை கொண்ட பழைய எம் வகைத் தண்டவாளம். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றிவிடும், மின்சாரத்தில் திரும்பும் பாயிண்டுகள் மூன்று. எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், ஜன்னல் கம்பிக்கே வருடந்தோறும் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் பாயிண்ட் நேர்ப்பாதைக்குத் திரும்புகிறது. வளைவுக்கான பட்டனை அழுத்தினால் சத்தம்கூட வருவதில்லை. இரண்டாவது, எந்தப் பட்டனை அழுத்தினாலும் உறுமுகிறதே தவிர அசைவதில்லை. சில நொடிகளில் வார்னிஷ் வாடை வருகிறது. மூன்றாவது ஒழுங்காகத் திரும்பினாலும், வண்டி அதன்மேல் ஏறும்போது அந்தப் பாயிண்டிலுள்ள விளக்கு மினுங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் 16 வோல்ட் முனையில் மீட்டர் 18 காட்டுகிறது. பாயிண்டை இழுத்துத் திருப்பும் காயில்கள் எரிந்துவிட்டன என்று நினைக்கிறேன். புதிய பாயிண்டுகளைத் தேடுவதா, இவற்றையே சரிசெய்ய வழியுண்டா?

இரணியல் பாயிண்ட்:

தம்பி, எரிந்ததென்று முடிவுகட்ட வேண்டாம். ரயில்வே சிக்னல் வேலையிலேயே வாழ்நாள் கழிந்தவன் சொல்கிறேன்: பாயிண்ட் பழுதென்று போய் நின்ற இடங்களில் மோட்டாரைவிட இணைப்புகளே அதிகம் காலை வாரியிருக்கின்றன.

முதலில் மின்சாரம் போகும் வழியைப் புரிந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மஞ்சள் வயர், பாயிண்டின் இரண்டு காயில்களுக்கும் விளக்குக்கும் பொதுவானது. காயில்களின் மறுமுனைகள் இரண்டு நீல வயர்களாக வெளியே வந்து பட்டன் பெட்டிக்குச் செல்கின்றன. அங்கிருந்து பழுப்பு வயர் வழியாகச் சுற்று முடிகிறது. விளக்கு மட்டும் பட்டன் பெட்டியை நாடாமல், தகரப் படுகை வழியாகவே தன் சுற்றை முடித்துக்கொள்கிறது. ஆகவே விளக்கு எரிந்தால் மஞ்சள் வயர் உயிரோடு இருக்கிறது என்று பொருள்; மீட்டர் இல்லாமலே கிடைக்கும் சாட்சி அது. ஆனால் சின்ன பல்பு இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், துருப்பிடித்த இணைப்பிலும் அது எரிந்துவிடும், காயில் இழுக்காது. எனவே பட்டனை ஒருவர் ஒரு கணம் அழுத்தும்போது காயிலின் இரு முனைகளில் வோல்ட் எவ்வளவு என்று இன்னொருவர் அளந்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் முதல் பாயிண்ட் ஒரு பக்கம் திரும்புவதால் மஞ்சளும் பழுப்பும் நல்ல நிலையில் உள்ளன. பட்டன் பெட்டியில் அதன் இரு நீல பிளக்குகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். வளைவு வேலை செய்து, நேர்ப்பாதை நின்றுபோனால் பழுது பட்டனில். முன்போலவே வளைவு மட்டும் மறுத்தால் வயரில் அல்லது காயிலில். பிறகு இணைப்புகளைக் கழற்றி, மஞ்சளுக்கும் ஒவ்வொரு நீலத்துக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் மீட்டர் எதையும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. மிகக் குறைவாகக் காட்டினால் காயிலுக்குள் ஷார்ட்.

மூன்றாவதன் விளக்கு மினுங்குவது படுகை இணைப்பின் குறை. தண்டவாளத் துண்டுகள் கோத்துக்கொள்ளும் நாக்குகளைக் கண்ணாடி நார்த் தூரிகையால் தேய்த்து, தளர்ந்தவற்றைக் குறட்டால் லேசாக நெருக்கிவிடுங்கள். 18 வோல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்: 220 வோல்ட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நம் வீட்டில் 240 வந்தாலே 16 என்பது 17.5 ஆகிவிடும், சுமை இல்லாதபோது இன்னும் ஏறும்.

மார்த்தாண்டம் ஆர்மேச்சர்:

அண்ணாச்சி சொன்னதற்கு மேல் மின்சாரத்தில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பாயிண்டைப் பற்றி மட்டும் கேட்கிறேன்: உறுமுகிறது என்றால் காயிலுக்கு மின்சாரம் வருகிறது, உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டுதான் நகர முடியாமல் சிக்கியிருக்கிறது. ஏதாவது எண்ணெய் விட்டீர்களா?

இன்னொன்று. பட்டன் ஒட்டிக்கொண்டு விடாமல் நின்றால் காயில் எரியும். அதைத் தடுக்க, மின்சாரத்தை 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டரில் சேமித்து ஒரே வீச்சாகக் கொடுக்கும் சிறு சர்க்யூட்டை நாமே செய்துகொள்ளலாம்.

இரணியல் பாயிண்ட்:

கெப்பாசிட்டர் யோசனை நல்லதுதான், ஆனால் இங்கே மஞ்சள் வயர் விளக்குக்கும் பொது. அந்த சர்க்யூட்டை அப்படியே கொடுத்தால் விளக்கு ஒழுங்காக எரியாது, சேமித்த மின்சாரத்தையும் அது குடித்துவிடலாம். விளக்கைத் தனியாகப் பிரிக்க வேண்டிவரும். பழைய பொருளில் அவ்வளவு கை வைப்பதை நான் விரும்பமாட்டேன். ஒட்டும் பட்டனைச் சுத்தம் செய்தாலே போதும்.

குளச்சல்காரன்:

இருவருக்கும் நன்றி. பிளக்கை மாற்றிச் செருகியபோதும் வளைவே மறுத்தது. அந்த நீல வயரின் பிளக்கிலுள்ள குட்டித் திருகைத் தளர்த்தி வயரை உருவினால், செம்பு இழைகள் பச்சை பூத்து, தொட்டதும் மாவாக உதிர்ந்தன. பளபளப்பான செம்பு தெரியும்வரை அரை அங்குலம் வெட்டித் திரும்ப முறுக்கினேன், பட்டென்று திரும்பிவிட்டது.

இரண்டாவதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சென்ற ஆனி மழையின்போது துருப்பிடிக்கக் கூடாதென்று வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை நான்தான் விட்டேன். அடித்தகட்டைத் திறந்தபோது, அது தூசியோடு சேர்ந்து தண்டைச் சுற்றிப் பிசினாக இறுகியிருந்தது.

மார்த்தாண்டம் ஆர்மேச்சர்:

அப்படித்தான் நினைத்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தண்டையும் குழலையும் துடையுங்கள்; காயிலின் வார்னிஷ் மேல் அதிகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தண்டை உலர்வாகவே விட்டுவிடலாம். நெம்புகோல் அச்சுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் ஊசி முனையில் தொட்டு. ஓம் அளவில் இரு காயில்களும் சமமாக இல்லையென்றால், ஃபேன் காயில் கட்டுபவரிடம் கொடுங்கள். பழைய கம்பியின் தடிமனையும் சுற்று எண்ணிக்கையையும் அவர் அப்படியே பின்பற்ற வேண்டும்.

குளச்சல்காரன்:

துடைத்துவிட்டேன், ஓம் அளவு இரு பக்கமும் சமம், பாயிண்டும் இப்போது இருபுறமும் திரும்புகிறது. மூன்றாவதன் விளக்கு இன்னும் லேசாக மினுங்குகிறது, நாக்குகளில் பாதியைத்தான் தேய்த்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரின் சுவர்ப் பக்க வயரில் ரப்பர் வெடித்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். உலோகப் பெட்டி, எர்த் வயரும் கிடையாது. அதை மாற்றும்வரை பிளக்கைச் செருகுவதாக இல்லை.