சென்ட்ரிங் பிளைவுட்டில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையை நம்பலாமா?

காட்பாடிக்காரன்:
சத்துவாச்சாரியில் வீடு கட்டுகிறோம், அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட். ஈரக் கான்கிரீட்டைத் தாங்க மேஸ்திரி இறக்கிய சென்ட்ரிங் பிளைவுட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது, ஆனால் ஈர விரலால் தேய்த்தால் மை கையோடு வருகிறது, ஓரத்தில் அடுக்குகளுக்கு நடுவே நகம் நுழைகிறது. இதை நம்பி ஆளை மேலே ஏற்றலாமா?

பாலாற்றங்கரை:
ஏற்றாதீங்க தம்பி. முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும் (எந்தத் தரநிலை என்று சொல்லும் எண்) கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். சென்ட்ரிங்குக்கு ஐஎஸ் 4990. 303 என்றால் பொதுப் பயன்பாட்டு பிளைவுட், அலமாரி மாதிரி வேலைக்குப் போவது. உரிம எண்ணை, முத்திரைக்கு உரிமம் தரும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பிஐஎஸ் கேர் செயலியில் போடுங்கள், கம்பெனி பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் வந்துவிடும்.

காட்பாடிக்காரன்:
பார்த்தேன் அண்ணா, 303தான். உரிம எண்ணே இல்லை.

மரவேலை:
அப்போ திருப்பி அனுப்புங்க. உரிமம் கொடுத்ததோடு பிஐஎஸ் விடுவதில்லை, ஆலையிலும் கடையிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கும். உதாரணத்துக்கு, தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710-இல் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பசை தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். உரிம எண் இல்லாமல் சும்மா மை அடித்த முத்திரைக்கு இப்படி எந்தச் சோதனையும் நடந்திருக்காது. கான்கிரீட் இரண்டு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, மேலே நிற்கப்போவது ஆட்கள்.