டார்க் ஷேடோஸ்: முதல் பகுதியிலிருந்தா, சவப்பெட்டி திறக்கும் நாளிலிருந்தா?

கேள்வி: பினாங்குக் கடலோரம்

அனைவருக்கும் வணக்கம். 1966 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'டார்க் ஷேடோஸ்' என்ற பகல்நேரத் திகில் தொடருக்கு 2026-இல் 60 வயது நிறைகிறது. அதை முன்னிட்டு, ஜார்ஜ் டவுனில் என் பெரியம்மா வீட்டு முன்கூடத்தில் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் ஆறு பேர் கூடி, வாரத்துக்கு மூன்று பகுதிகள் வீதம் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஆறு பேரில் தொடரை முன்பே பார்த்தவள் நான் ஒருத்திதான். இன்னும் இருவர், டிம் பர்ட்டன் இயக்கி 2012-இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அது சிரிப்புப் படம்தானே?" என்று கேட்கிறவர்கள். பெரியம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆங்கிலம் அவருக்குத் தடையில்லை. ஆனால் கதை நகரவில்லை என்று தோன்றினால் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

என் குழப்பம் எல்லா ரசிகர்களுக்கும் தெரிந்த பழைய குழப்பம்தான். இரத்தம் குடித்து வாழும், இறந்தும் இறவாத பார்னபஸ் காலின்ஸ் கதைக்குள் வருவது 1967 ஏப்ரலில். பணத்தாசை பிடித்த வில்லி லூமிஸ் நகைகளைத் தேடிக் காலின்ஸ் குடும்பக் கல்லறை மண்டபத்துக்குள் புகுந்து, சங்கிலியால் கட்டிய சவப்பெட்டியைத் திறக்க, உள்ளிருந்து ஒரு கை எழுந்து அவன் தொண்டையைப் பற்றுகிறது. அது 210-ஆம் பகுதி. குறுந்தட்டுத் தொகுப்புகளும் முதலில் அங்கிருந்துதான் வெளிவந்தன. அதற்கு முந்தைய பகுதிகள் பிற்பாடே 'தொடக்கம்' என்னும் பொருள்படும் தனித் தலைப்பில் வந்தன. வெளியிட்டவர்களே அப்படி நினைத்திருந்தால், புதியவர்களை அந்த 209 பகுதிகளின் வழியாக இழுத்துச் செல்வது நியாயமா? நான் 210-இல்தான் தொடங்கினேன், பிறகு பின்னோக்கிப் போனேன். அது சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

மறுமொழி 1: செந்தூல் வாசகர்

வணக்கம் சகோதரி. முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. என்ன இழப்பீர்கள் என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும்.

முதல் பகுதியில் விக்டோரியா வின்டர்ஸ் இரவு ரயிலில் வருகிறாள். நியூயார்க்கில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள், தன்னைப் பெற்றவர்கள் யார் என்று அறியாதவள், மேய்ன் மாநிலத்தின் காலின்ஸ்போர்ட் என்ற மீன்பிடி ஊரில் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை கிடைத்து வருகிறாள். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு வந்ததும் அங்குள்ள காப்பிக்கடையில் மேகி எவன்ஸ் என்ற பணிப்பெண்ணைச் சந்திக்கிறாள். அந்த முதல் நாளில் மேகி பொன்னிறப் பொய்முடி வைத்துக்கொண்டு, சற்றே அலட்சியமாகப் பேசுவாள். அடுத்தடுத்த பகுதிகளில் குடிகாரத் தந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பான மகளாக, ஊரில் யாருக்கும் கெடுதல் நினைக்காதவளாக, நமக்கு மிகவும் வேண்டியவளாக மாறிவிடுவாள். பார்னபஸ் வந்தபின், அவளைத் தன் பழைய காதலி ஜோசட்டாக மாற்றிவிடலாம் என்று எண்ணி அவளைக் கடத்திச் சிறை வைக்கிறான் அல்லவா? 210-இல் தொடங்கியவருக்கு அது ஒரு பெண் கடத்தப்படும் காட்சி. முதலிலிருந்து பார்த்தவருக்கு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை காணாமல் போன செய்தி.

ஜோசட்டின் கதையும் இப்படித்தான். காலின்ஸ் குடும்பத்தின் பழைய வீட்டுச் சுவரில் தொங்கும் ஓவியத்திலிருந்து அவள் ஆவி இறங்கி வெளியே வந்து, தூண்களுக்கிடையே நடமாடும் காட்சி 70-ஆம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. வசனமே இல்லாத அந்தச் சில நொடிகளுக்கு ஈடாகத் தொடரில் பிற்பாடு வந்த எந்தத் தந்திரக் காட்சியையும் என்னால் சொல்ல முடியாது. அதன் பிறகு அவள் விக்டோரியாவையும் சிறுவன் டேவிட்டையும் காக்கும் தெய்வம் போலவே இருக்கிறாள். ஆகவே பார்னபஸ் பழைய வீட்டுக்குள் நுழைந்து, அதே ஓவியத்தின் முன் நின்று, இனி இந்த வீடு என்னுடையது என்று அறிவிக்கும்போது, காவல் நீங்கிவிட்டது என்ற கிலி நமக்கு ஏற்பட வேண்டும். காவல் இருந்ததையே அறியாதவருக்கு அந்தக் கிலி எங்கிருந்து வரும்?

மறுமொழி 2: பாயான் லெப்பாஸ் இரவுப்பணி

செந்தூல் நண்பர் எழுதியதை மதிக்கிறேன், ஆனால் ஒப்பவில்லை. நான் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து வந்து, காலையில் உறங்கப் போகுமுன் தினம் ஒரு பகுதி பார்த்தவன். பர்க் டெவ்லின் என்பவன் காலின்ஸ் குடும்பத்தைப் பழிவாங்க வந்தது, காரின் பிரேக் கழற்றப்பட்டது, அது யார் செய்தது என்ற விசாரணை, பிறகு காணாமல் போன ஒரு பேனாவைப் பற்றிய வாக்குவாதம் என்று வாரக்கணக்கில் ஓடும். அந்தப் பேனாவுக்காக நான் தூக்கத்தைத் தொலைத்தேன். இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.

வரலாறும் என் பக்கம்தான் பேசுகிறது. பார்வையாளர்கள் குறைந்து தொடர் நிறுத்தப்படும் நிலைக்கு வந்தபோதுதான், தயாரிப்பாளர் டான் கர்ட்டிஸ் முதலில் ஆவிகளையும் பிறகு பார்னபஸையும் கொண்டுவந்தார். பார்னபஸாக நடிக்கச் சில வாரங்களுக்கு மட்டும் என்று அழைக்கப்பட்ட ஜொனதன் ஃப்ரிட், பார்வையாளர் வரவேற்பினால் தொடர் முடியும்வரை நிலைத்துவிட்டார். அதற்கும் மேலாக, விக்டோரியாவின் பெற்றோர் யார் என்பதுதான் முதல் 209 பகுதிகளின் அச்சாணிக் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தொடர் முடியும்வரை திரையில் விடை கிடைப்பதே இல்லை! அவளாக நடித்த அலெக்சாண்ட்ரா மோல்ட்கே 1968-இல் விலகினார், கேள்வியும் அவரோடு போய்விட்டது. விடையில்லாத விடுகதையை உங்கள் பெரியம்மாவிடம் போட்டால், அவர் சமையலறையைத் தாண்டித் தெருவுக்கே போய்விடுவார்.

மறுமொழி 3: எண்ணிச் சொல்பவன்

இரு தரப்புக்கும் ஒரு கணக்கு. கடைசிப் பகுதியின் எண் 1245 என்றாலும் எடுக்கப்பட்டவை 1225 பகுதிகள்தான். செய்தி ஒளிபரப்பு போன்றவற்றால் ஒரு நாள் விடுபட்டால், வெள்ளிக்கிழமைப் பகுதியின் எண் எப்போதும் ஐந்தாலோ பூஜ்ஜியத்தாலோ முடிய வேண்டும் என்பதற்காக அந்த நாளுக்குரிய எண்ணைத் தாண்டிவிடுவார்கள். வாரம் மூன்று என்றால் 1225 பகுதிகளுக்கு 408 வாரங்களுக்கு மேல், அதாவது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். முதல் 209 பகுதிகளுக்கு மட்டும் 70 வாரங்கள். 60-ஆம் ஆண்டுக்குத் தொடங்கினால் பார்னபஸ் வரும்போது 61-ஐத் தாண்டியிருப்பீர்கள்.

இன்னொன்று. முற்பகுதிகள் கருப்பு வெள்ளை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 210-உம் கருப்பு வெள்ளைதான். வண்ணம் 1967 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குப் பிறகும் சில பகுதிகளின் வண்ண நாடாக்கள் தொலைந்து கருப்பு வெள்ளைப் படிகளே மிஞ்சியுள்ளன. 1219-ஆம் பகுதி மட்டும் படமாகவே இல்லை. ஒலிப்பதிவையும் நிழற்படங்களையும் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். அக்காலத்துப் பகல்நேரத் தொடர்கள் பலவற்றின் நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்ட நிலையில், இது ஏறக்குறைய முழுமையாகக் கிடைப்பதே பெரிய பேறு.

மறுமொழி 4: பிரிக்பீல்ட்ஸ் மூத்தவர்

அம்மா, நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது கோலாலம்பூரில் இருக்கிறேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், சற்று நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேய் வீடு என்றால் நம்மவர்களுக்கு நினைவு வருவது துரை பங்களாதான். உங்கள் மாநிலத்திலேயே, நிபோங் திபால் அருகில் கெலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகை இருக்கிறது. அதன் துரை 1948-இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதிரி வீடுகளைப் பற்றி எங்கள் பாட்டிமார் சொன்ன கதைகள் எல்லாம் பின்கட்டிலிருந்து சொல்லப்பட்டவை. ஆயாவாகவும் சமையல்காரராகவும் தோட்டக்காரராகவும் உள்ளே போனவர்கள், இரவில் மேல்மாடியில் கேட்ட காலடிச் சத்தத்தைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் கொண்டுவந்து சொன்னார்கள். பிரம்பு நாற்காலி தானாக ஆடியதைச் சொல்லும்போது, அந்த நாற்காலியைத் தினம் துடைத்த கைதான் அதைச் சொன்னது.

காலின்ஸ் குடும்பத்தின் காலின்வுட் மாளிகையை அந்தக் கண்ணால் பார்க்க முடிவது முதல் 209 பகுதிகளில்தான். அங்கே ஊர் இருக்கிறது. மீன் பதப்படுத்தும் ஆலையும் படகுகளும் காலின்ஸ் குடும்பத்துக்குச் சொந்தம்; ஊரார் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள்; குடும்பத் தலைவி எலிசபெத் அம்மையார் 18 ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே வராதது ஏன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பார்னபஸ் வந்து, கதை 1795-க்கும் 1897-க்கும் இணை உலகத்துக்கும் தாவத் தொடங்கியபின், ஊர் மெல்லத் தேய்ந்துவிடுகிறது. சூனியக்காரி ஏஞ்சலிக், ஓநாய் மனிதன் குவென்டின் எல்லாரும் சுவையான பாத்திரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மாளிகைக்குள்ளேயே சுற்றுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் கண் போய்விடுகிறது. ஆகவே தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பேனா வாக்குவாதத்தை வேகமாக ஓட்டிவிடுங்கள், இரவுப்பணித் தம்பி சொல்வது அந்த அளவில் நியாயமே.

பெயர் விஷயத்திலும் ஒன்று. பெரியம்மாவுக்குக் கதை சொல்லும்போது பார்னபஸை 'இரத்தக் காட்டேரி' என்று அறிமுகப்படுத்தாதீர்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன என்றாலும், தோட்டத்தில் காட்டேரி என்றால் படையல் போட்டு வணங்கப்படுகிறவள்; கருவுற்ற பெண்ணுக்காக அவளிடம் வேண்டிக்கொள்வார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன் என்று சொல்லிக்கொண்டு, கைத்தடியும் மேலங்கியுமாகக் கதவைத் தட்டும் அந்த மனிதருக்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது. மலாய்க்காரர் சொல்லும் பொந்தியானாக் பேய் என்றாலும் பொருந்தாது, அது பெண். பெயரே வேண்டாம் என்பேன். தொடரிலேயே அவர் வந்து ஏறக்குறைய 200 பகுதிகள்வரை யாரும் 'வேம்பயர்' என்ற ஆங்கிலச் சொல்லை உச்சரிப்பதில்லை.

'விடாது கருப்பு' பார்த்து வளர்ந்த இளையவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு மட்டும் ஒரு முன்னறிவிப்புத் தேவை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அத்தொடரில், குதிரையில் வருவது யார் என்பதற்குக் கடைசியில் ஓர் அறிவுக்குப் பொருந்திய விளக்கம் உண்டு. இங்கே அப்படி எதிர்பார்க்கக் கூடாது.

மறுமொழி 5: பாயான் லெப்பாஸ் இரவுப்பணி

ஊர் தேய்ந்துபோவதை நான் கவனித்ததே இல்லை, ஐயா. காப்பிக்கடை எப்போது காணாமல் போயிற்று என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. பேனா விஷயத்தில் மட்டும் என் நிலைப்பாடு மாறாது.

கடலோரம் அக்காவுக்கு ஒரு யோசனை: பிழைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது அப்போது செலவு பிடித்த வேலை என்பதால், மேடை நாடகம் போல நிறுத்தாமல் எடுத்துவிடுவார்கள். ஒலிவாங்கியின் நிழல் சுவரில் நகரும், கல்லறைக் கல் ஆடும், வசனம் மறந்த ஃப்ரிட் பக்கவாட்டில் இருக்கும் பலகையைப் பார்ப்பார். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். அவ்வளவு பயிற்சி பெற்ற நடிகர் தடுமாறுவதால்தான், பார்னபஸ் தன் இரகசியம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சுவது போல நமக்குத் தோன்றுகிறது. புதியவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். மூன்றாம் வாரம் தாமாகவே நிறுத்திவிடுவார்கள்.

மறுமொழி 6: பினாங்குக் கடலோரம்

எல்லாருக்கும் நன்றி. மூத்தவர் ஐயாவின் பின்கட்டு விளக்கத்தைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய தாயார் ஒரு துரை வீட்டில் துணி தேய்த்தவர் என்பதை அன்றுதான் எனக்குச் சொன்னார். இதற்கு மேல் 210-இல் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. முதல் வாரப் பகுதிகளை முழுமையாகவும், பிறகு 70-ஆம் பகுதியைச் சுற்றியும், டேவிட்டின் தாயாக நெருப்போடு திரும்பி வரும் லாராவின் கதையை முழுமையாகவும் பார்த்துவிட்டு 210-க்குப் போவது என்று முடிவாயிற்று. ஏஞ்சலிக்காக நடித்த லாரா பார்க்கர் 2023 அக்டோபரில் காலமானதால், அவர் நினைவாக 1795 கதையைத் தனியாக ஒரு நாள் பார்க்கவும் எண்ணியிருக்கிறோம்.

நேற்று முதல் மூன்று பகுதிகள் ஆயின. சிரித்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா எழுந்து போகவில்லை, மூன்றாவது முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்தப் பெண்ணுக்கு அநாதை இல்லத்தில் இருக்கும்போது மாதாமாதம் யாரோ பணம் அனுப்பியிருக்கிறார்களே, அது யார் என்று எப்போது தெரியும்?" என்று கேட்டார். நான் தம்பியின் மறுமொழியை நினைத்துக்கொண்டு, தேநீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.