புதுப்பிப்பு: மலை ரயிலின் இருக்கை எண்ணிக்கையைக் கால அட்டவணைத் தரவில் எங்கே வைப்பது?

மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலில் வகுப்புவாரியாக எத்தனை இருக்கை திட்டமிட்டிருக்கிறது என்பதை அட்டவணைத் தரவிலேயே எப்படிச் சொல்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்துவிட்டது.

முதலில் ஜிடிஎஃப்எஸ் ரியல்டைமில் (வண்டிகளின் நேரலை நிலவரத்தைப் பகிரும் தரவு வடிவம்) இருக்கும் பயணிகள் நிரம்பல் நிலையைத்தான் (OccupancyStatus) முயன்றேன், ஆனால் அது வண்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்வது, மொத்தம் எத்தனை இடம் என்ற கணக்குக்குப் பொருந்தவில்லை. நெடெக்ஸுக்கு (NeTEx, பொதுப் போக்குவரத்து அட்டவணைத் தரவுக்கான ஐரோப்பியத் தர வடிவம்) போங்கள் என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் பலித்தது: வண்டி வகையை வரையறுத்து, அதற்குள் கட்டண வகுப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்ளளவுப் பதிவு, அதில் உட்காரும் இடம் தனி, நிற்கும் இடம் தனி, பிறகு ஒவ்வொரு பயணமும் அந்த வகையைச் சுட்டினால் போதும்.

எதிர்பாராத சிக்கல் குன்னூரில் வந்தது. செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல்சக்கரப் பாதை அங்கே முடிகிறது, வழக்கமாக எஞ்சினும் மாறுகிறது. பெட்டி எண்ணிக்கையும் மாறினால் 46 கிலோமீட்டருக்கும் ஒரே எண் தவறாகிவிடும். அதனால் பயணத்தைக் குன்னூரில் இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வண்டி அமைப்பு கொடுத்தேன். அப்புறம், மொத்த இருக்கை எண்ணிக்கையையும் பெட்டிவாரி இருக்கை எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதியதால் என் நிரல் இரண்டையும் கூட்டிவிட்டது. மொத்தத்தை நீக்கியதும் சரியாகிவிட்டது.