ஒரே வாளித் தண்ணீர், இரண்டு பிஎச் மீட்டர், இரண்டு அளவு: சுண்ணாம்பு போடலாமா?

கேட்பவர்: வேதாரண்யம் பக்கம், வனாமி இறால் பண்ணை

வணக்கம். இரண்டு குளம், இறால் விட்டு 48 நாள் ஆகிறது. என்னிடம் தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பேனா மாதிரி சின்ன பிஎச் மீட்டர் இருக்கிறது. பத்து நாளாகக் காலை ஆறு மணிக்கு 7.6, பிற்பகல் மூன்று மணிக்கு 8.0 என்றுதான் காட்டுகிறது. ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். காலை அளவு கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்ததால், அதை ஏற்றக் குளத்துக்கு 20 கிலோ சுண்ணாம்பு போடலாம் என்று மூட்டையைக் கரைக்குக் கொண்டுவந்தும் வைத்துவிட்டேன்.

நேற்றுப் பிற்பகல் தீவனக் கடை டெக்னீஷியன் வந்தார். ஒரே வாளியில் இரண்டு மீட்டரையும் விட்டோம். அவருடையதில் 8.6, என்னுடையதில் 8.0. அதுவும் என் மீட்டரில் எண் நிலைத்து நிற்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது.

மீட்டர் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கூடவே வந்த, பிஎச் அளவு அச்சடித்த மூன்று வகைப் பொடிப் பாக்கெட்டில் ஒன்றைக் கரைத்துப் போன மாதம் காலிபரேஷன் (மீட்டரைச் சரியான அளவுக்குத் திருத்தி வைப்பது) செய்தேன். நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ் காயக் கூடாது என்று மூடியில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றித்தான் வைக்கிறேன். போன அறுவடைக்குப் பிறகு இரண்டு மாதம் மட்டும் அப்படியே காய்ந்து கிடந்தது. எந்த மீட்டரை நம்புவது? இன்றிரவு சுண்ணாம்பு போடலாமா?

பதில்: பண்ணை டெக்னீஷியன், நாகப்பட்டினம்

அண்ணே, முதலில் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்க்காதீர்கள். 8.6 உண்மையாக இருந்து, அதன் மேல் சுண்ணாம்பும் விழுந்தால் பிற்பகலில் 9-ஐத் தொட்டுவிடும். பிஎச் 8-லிருந்து 9 ஆகும்போது தண்ணீரில் உள்ள அம்மோனியாவில் விஷமாக மாறும் பங்கு பல மடங்கு ஏறிவிடும். 48 நாள் இறாலுக்கு அது தாங்காது.

ஒரு சோதனை செய்யுங்கள். பாக்கெட் மூன்றையும் புதிதாகக் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு நீர்தான், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். காலிபரேஷன் பட்டனைத் தொடாமல் ஒவ்வொன்றிலும் என்ன காட்டுகிறது என்று மட்டும் எழுதுங்கள். பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் எண்ணையும் சேர்த்து.

கேட்பவர்

செய்தேன் தம்பி. 4.00 பாக்கெட்டில் 5.3. 6.86 பாக்கெட்டில் 7.0. 9.18 பாக்கெட்டில் 8.4.

பதில்: தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை

இந்த மூன்று எண்ணிலேயே விடை இருக்கிறது சார். தவறு இரண்டு இடத்தில்.

ஒன்று, உங்கள் பொடி 6.86. ஆனால் மீட்டர் அதை 7.00 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பேனா மீட்டர்கள் பலவற்றில் இரண்டு வகை அமைப்பு உண்டு: யூஎஸ்ஏ என்று வைத்தால் 7.00, என்ஐஎஸ்டி என்று வைத்தால் 6.86. உங்களுடையது முதலாவதில் இருக்கிறது. அங்கேயே 0.14 ஏறிவிட்டது.

இரண்டாவதுதான் பெரியது. 4.00-க்கும் 9.18-க்கும் இடையே உண்மையில் 5.18 வித்தியாசம். உங்கள் மீட்டருக்கு அது 3.1 தான். அதாவது கண்ணாடிக் குமிழ் 60 சதவீதம்தான் வேலை செய்கிறது. நல்ல கண்ணாடி 25 டிகிரியில் ஒரு பிஎச் மாற்றத்துக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் தரும். உங்களுடையது ஏறக்குறைய 35 தான் தருகிறது. இப்படிச் சோர்ந்துபோன ப்ரோப் (தண்ணீரில் விடும் அளக்கும் முனை) எல்லா அளவையும் 7 பக்கமாக இழுத்துவிடும். நீங்கள் பார்த்து நிம்மதியடைந்த அந்தக் குறைந்த ஏற்ற இறக்கம் குளத்தினுடையது இல்லை, ப்ரோப்பினுடையது. கணக்குப் போட்டால் உங்கள் 7.6 உண்மையில் 7.9 பக்கம், 8.0 என்பது 8.5க்கு மேல். கடைக்காரர் மீட்டர்தான் சரி.

ஆர்ஓ தண்ணீரை இன்றோடு விட்டுவிடுங்கள். ப்ரோப்புக்குள் இருக்கும் கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) உப்பை அந்தத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொள்ளும். எண் நிற்காமல் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம், குமிழைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ ஏதாவது படிந்திருக்கிறதா?

கேட்பவர்

மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தேன். குமிழின் அடிப்பக்கம் மங்கலாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளியில் பச்சைப் பாசி. விரலால் தொட்டால் வழுவழுப்பாக இருக்கிறது.

பதில்: தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை

அந்த வெள்ளைப் புள்ளி வழியாகத்தான் உள்ளே இருக்கும் கரைசலும் வெளித் தண்ணீரும் தொடர்பு கொள்கின்றன. பாசி அதை அடைத்திருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டை நீரில் கலந்து, மெல்லிய பிரஷால் புள்ளியை மட்டும் தேயுங்கள். குமிழைத் தேய்க்க வேண்டாம், அலசினால் போதும். பிறகு வெள்ளை வினிகரில் பத்து நிமிடம். சுண்ணப் படிவு போய்விடும். நன்றாக அலசி, இரவு முழுக்க கேசிஎல் கரைசலில் ஊற விடுங்கள். 3 மோலார் அடர்த்தி வேண்டும். லேப் கடையில் தயாராகவே கிடைக்கும். நாமே செய்தால் 22 கிராம் கேசிஎல், காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மொத்தம் 100 மில்லி. அவசரத்துக்கு 4.00 பஃபரிலும் (அந்த 4.00 பொடியைக் கரைத்த நீர்) ஊறலாம்.

குளத்துக்குப் போடும் சிவப்புப் பொட்டாஷும் கேசிஎல் தானே என்று அதைக் கரைத்துவிடாதீர்கள். அதிலுள்ள இரும்புத் துகள் புள்ளியை மறுபடி அடைத்துவிடும்.

காலையில் மீட்டரின் அமைப்பை என்ஐஎஸ்டிக்கு மாற்றி, முதலில் 6.86, அடுத்து 9.18 என்று காலிபரேஷன் செய்யுங்கள். நம் குளம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. துடைக்கும்போது டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

கேட்பவர்

இரண்டு ராத்திரி ஊற வைத்தேன். முதல் நாள் 6.86-இல் மட்டும் காலிபரேஷன் செய்துவிட்டு 9.18-இல் விட்டுப் பார்த்தபோது 8.7 தான். மறுநாள் 9.0 வந்தது. அதற்குப் பிறகு இரண்டிலும் காலிபரேஷன் செய்தேன். அரை நிமிடத்தில் எண் நின்றுவிடுகிறது. இன்று காலை குளத்தில் 7.9, பிற்பகல் 8.6. சுண்ணாம்பு மூட்டை கொட்டகைக்குத் திரும்பிப் போய்விட்டது. தம்பிகள் இரண்டு பேரும் நல்லா இருக்கணும்.

இன்னொரு சந்தேகம். டிஓ மீட்டரில் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது) உப்பு அளவு கேட்கிறது. நான் 0 என்றே விட்டு வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பண்ணை டெக்னீஷியன், நாகப்பட்டினம்

பரவாயில்லை என்று விட முடியாது அண்ணே. 30 டிகிரியில் நல்ல தண்ணீர் அதிகபட்சம் 7.5 பிபிஎம் ஆக்சிஜன் பிடிக்கும். 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம்) உப்புத் தண்ணீர் 6.2 தான் பிடிக்கும். உப்பை 0 என்று விட்டால் மீட்டர் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். அதிகாலை நாலு மணிக்கு 3.6 என்று பார்த்து நீங்கள் ஏரேட்டரைக் கூட்டாமல் இருப்பீர்கள், குளத்தில் இருப்பது 3 ஆக இருக்கும். இன்றே உங்கள் குளத்து உப்பு அளவைப் பார்த்து அந்த எண்ணை மீட்டரில் போட்டுவிடுங்கள். டிஓ மீட்டர் முனையில் இருக்கும் மெம்பிரேனில் (மெல்லிய சவ்வு) சுருக்கமோ குமிழியோ இருந்தால் அதை மாற்றி, உள்ளே புதுக் கரைசல் ஊற்றுங்கள். அளக்கும்போது தண்ணீருக்குள் மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள்.

7.9-லிருந்து 8.6 வரை ஏறுவது கொஞ்சம் அதிகம்தான். பாசி கூடியிருக்கும். ஒரு பாட்டில் தண்ணீரை லேபுக்கு அனுப்பி அல்கலினிட்டி (பிஎச் மாற்றத்தைத் தாங்கும் திறன்) பார்த்துவிட்டு, வந்த அளவை இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

பதில்: தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை

கரைத்த 9.18-ஐப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள் சார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதைக் கீழே இறக்கிவிடும். அடுத்த வாரம் புதிதாகக் கரைத்து ஒரு முறை பாருங்கள். 8.8-க்குக் கீழே வந்தால் ப்ரோப்பின் ஆயுள் முடிந்தது. மாற்று ப்ரோப் தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.