பிரேசில் ஜப்பானியர்களைத் தேடி வரும் துணைத் தூதர்: நினைவிடத்தில் வணங்கினால் போதுமா?

கடற்கரையான்:
1908 ஏப்ரலில் ஜப்பானின் கோபேயில் கிளம்பிய 'கசாட்டோ மாரு' கப்பல் ஜூன் 18 அன்று 781 பேரோடு பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத்துக்கு வந்தது. காப்பித் தோட்டக் கூலிகளாக வந்தவர்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று இருபது லட்சத்துக்கு மேல். ஜூன் 18 நினைவு நாளில் ஜப்பானியத் துணைத் தூதர் சாவோ பாவ்லோவின் இபிராபுவேரா பூங்காவில் உள்ள முன்னோடிகள் நினைவிடத்தில் வணங்குவதையும், சங்கங்களின் விழா மேடையில் பேசுவதையும் 'சமூகத்தோடு உறவு' என்கிறார்கள். எனக்கு இது போதவே போதாது. 1990-இல் ஜப்பானில் தொழிற்சாலைக்கு ஆள் பற்றாக்குறை என்றதும் சட்டத்தைத் திருத்தி, இவர்களில் மூன்றாம் தலைமுறை வரை அங்கே வேலைக்கு அழைத்தார்கள். வேலை போன 2009-இல் ஆளுக்கு 3 லட்சம் யென், சார்ந்திருப்பவர்களுக்கு 2 லட்சம் யென் கொடுத்து, இதே விசாவில் இப்போதைக்குத் திரும்பி வராதே என்று அனுப்பிவைத்தார்கள். இப்படி நடத்திவிட்டு மலர் வைத்தால் சரியாகிவிடுமா?

மல்லிகா ர:
சட்டம் போடுவது டோக்கியோ, துணைத் தூதர் அல்ல. அதை அவர் தலையில் கட்டாதீர்கள். தூதர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலே சாட்சி. 1942 ஜனவரியில் பிரேசில் உறவை முறித்துக்கொண்டதும் ஜப்பானியத் தூதரகத்தார் நாடு திரும்பிவிட்டார்கள். ஜப்பானியப் பத்திரிகைகள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. பெரும்பாலானவர்களுக்குப் போர்த்துகீசியம் படிக்கத் தெரியாது. 1945-இல் ஜப்பான் தோற்றது என்ற செய்தி வந்தபோது, அதை நம்புகிற மாதிரிச் சொல்ல அந்த மண்ணில் ஓர் ஆள் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று நம்பியவர்கள் 'கச்சிகுமி', தோல்வியை ஒப்புக்கொண்டவர்கள் 'மகேகுமி' என்று ஊர் ஊராகப் பிளந்தார்கள். கச்சிகுமியின் தீவிர அமைப்பான 'ஷிண்டோ ரென்மே' ஆட்கள் சொந்தச் சனத்தையே சுட்டுக் கொன்றார்கள், 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மேடையில் முகம் காட்டுகிற ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கடற்கரையான்:
நீங்கள் சொன்ன கதை என் பக்கம்தான் நிற்கிறது மல்லிகா. ஆபத்து வந்தபோது கிளம்பிப் போனவர்கள் தூதர்கள், மாட்டிக்கொண்டது சனம். 1943 ஜூலையில் சாண்டோஸில் இருந்த ஜப்பானியர்களை 24 மணி நேரத்தில் ஊரைக் காலி செய்ய வைத்தது பிரேசில் அரசு, அதில் ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். அதற்கு பிரேசில் மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்! அதற்காக வருடக்கணக்கில் போராடியதும் அந்தச் சமூகம்தான், அங்குள்ள ஒகினாவா சங்கம் கூடவே நின்றது.

தேன்கூடு:
நான் ஜப்பானில் ஹமாமட்சுவில் ஆறு வருடம் இருந்தேன், பிரேசில்காரர்கள் ஏராளமாக வாழும் ஊர். பக்கத்து வீட்டு அக்கா மூன்றாம் தலைமுறை, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. தன் அக்கா மகனை அழைத்துக்கொள்ள அவர் ரொம்ப முயன்றார். நான்காம் தலைமுறைக்கு 2018-இல் தனி விசா கொண்டுவந்தார்கள், ஆண்டுக்கு 4,000 பேர் வரை என்று சொன்னார்கள். ஆனால் ஜப்பானிய மொழித் தேர்வு, வயது வரம்பு, இதெல்லாம் போக, சம்பளம் வாங்காமல் அவனுக்குத் துணையாக இருக்க ஜப்பானில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் கடைசி வரை கிடைக்கவில்லை. மிகக் குறைவான பேர்தான் வந்தார்கள், 2023 முடிவில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

மல்லிகா ர:
இதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதி தளர்ந்தது எதனால்? அங்கே இருந்து குறை போய்ச் சேராமல் டோக்கியோவுக்கு எப்படித் தெரியும்? சங்கத்து விருந்தில் ஒரு பாட்டி தூதரின் கையைப் பிடித்துச் சொல்வதும் அறிக்கையில் ஏறும்.

தேன்கூடு:
ஏறலாம். ஆனால் அந்த அக்கா முதலில் ஜப்பான் வந்தபோது, தாத்தாவின் குடும்பப் பதிவேடான 'கோசெக்கி' நகலை, அந்தப் பதிவு இருக்கிற ஊர் அலுவலகத்திலிருந்து வாங்க வேண்டியிருந்தது. தாத்தா எந்தக் கிராமம் என்றே வீட்டில் தெரியாது. கண்டுபிடித்துக் கொடுத்தது மாகாணச் சங்கத்துப் பெரியவர் ஒருவர், பழைய உறுப்பினர் நோட்டைப் புரட்டி. பிரேசிலில் ஜப்பானின் 47 மாகாணங்களுக்கும் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. விருந்துக்கு வருகிற துணைத் தூதரகம், மாதம் ஒரு நாள் அங்கே ஒரு மேசை போட்டு, விசாப் பிரிவு ஆள் ஒருவரை உட்கார வைக்கட்டும். பாட்டி கையைப் பிடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

கடற்கரையான்:
அந்த மேசை வந்தால் நான் மலர் வைப்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

மல்லிகா ர:
மேசை வரட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் ஜூன் 18-க்கும் அவர் வரத்தான் வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.