இளம் குவாட்டர்பேக்: உட்கார வைத்தவர்களையும் உடனே இறக்கியவர்களையும் நேரில் பார்த்தோம்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். இளம் குவாட்டர்பேக்கைச் சில காலம் பெஞ்சில் உட்கார வைத்து வளர்ப்பதா, உடனே ஆட இறக்குவதா? மூன்று ஊர் ரசிகர்கள் எழுதுகிறோம்.

ஆப்பிள்டன், விஸ்கான்சினிலிருந்து:

ஜூலை கடைசியில் கிரீன் பேயில் பேக்கர்ஸ் அணியின் கோடைப் பயிற்சி தொடங்கிவிடும். டிக்கெட் கிடையாது, வேலியோரம் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லாம்போ மைதானத்திலிருந்து ரே நிட்ஷ்கி திடல் வரை வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டி வருவார்கள், பிள்ளை ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு கூடவே ஓடும். என் பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. நான் போனது ஜோர்டன் லவ்வைப் பார்க்க.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2020இல் 26ஆவது ஆளாக அவரை எடுத்தபோது இங்கே பலருக்குக் கோபம். ஆரன் ராட்ஜர்ஸ் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு குவாட்டர்பேக் எதற்கு என்று அலுவலகத்தில் ஒரு வாரம் இதே பேச்சு. 2021 நவம்பரில் ராட்ஜர்ஸுக்குக் கோவிட் வந்து, லவ் கன்சாஸ் சிட்டியில் முதல் முறையாக ஸ்டார்ட்டராக, அதாவது தொடக்கத்திலிருந்தே ஆடும் ஆளாக, இறங்கினார். எதிரணி ஆள்மேல் ஆளாக அனுப்பித் திணறடித்தது. 13-7 என்று தோல்வி. பாய்ந்து வருகிறவனைக் கண்டதும் லவ்வின் எடை பின்காலுக்குப் போய்விடும், பந்து உயரமாகப் பறந்துவிடும்.

அடுத்த வருடம் டாம் கிளெமென்ட்ஸ் குவாட்டர்பேக் கோச்சாகத் திரும்பி வந்தார். ராட்ஜர்ஸ் இளைஞராக இருந்த காலத்தில் அவரோடு வேலை செய்த அதே ஆள். அந்தக் கோடையில் வேலியோரம் நின்று நான் பந்தைப் பார்க்கவில்லை, லவ்வின் கால்களைத்தான் பார்த்தேன். பின்வாங்கி, நிதானித்து, முன்கால் இலக்கைப் பார்த்து விழுகிறதா என்று. அதே அசைவு திரும்பத் திரும்ப. வெயிலில் வந்த பாதிப் பேருக்கு அது சலிப்பு. எனக்கு அங்கிருந்து நகர மனமில்லை.

அந்த நவம்பரில் பிலடெல்பியாவில் ராட்ஜர்ஸ் விலா அடிபட்டு வெளியே போக, லவ் உள்ளே வந்தார். கிறிஸ்டியன் வாட்சனுக்கு ஒரு பாஸ், 63 யார்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). ஆட்டம் தோல்விதான், ஆனால் ஒரு வருடம் முன் பார்த்த அதே பையன் இல்லை என்பது தெரிந்தது.

2023இல் ஸ்டார்ட்டர் ஆனதும் எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. முதல் ஒன்பது ஆட்டத்தில் மூன்றே வெற்றி. அணி பதறாமல் அவரையே ஆட வைத்தது. கடைசியில் 9 வெற்றி, 8 தோல்வி என்று சீசனுக்குப் பிந்தைய நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்குள் நுழைந்து, டாலஸுக்கே போய் 48-32 என்று ஜெயித்தார்கள். ராட்ஜர்ஸ் கதையும் இதேதான். 2005இல் எடுத்தார்கள், பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று சீசன், 2008இல் ஸ்டார்ட்டர், அந்த வருடம் 6 வெற்றி, 10 தோல்வி. அப்போதும் பொறுத்தார்கள். 2010 சீசனில் சாம்பியன் பட்டமான சூப்பர் பௌல்.

உட்கார வைப்பது எளிது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சீசன் நடக்கும்போது பயிற்சியில் பெரும்பங்கு ஸ்டார்ட்டருக்குத்தான். பேக்கப் ஆள் அந்த வாரத்து எதிரணி குவாட்டர்பேக் மாதிரி நடித்து, அட்டையில் வரைந்திருக்கும் அவர்களுடைய ஆட்டத் திட்டங்களை (பிளேக்களை)த் தன் டிஃபென்ஸுக்கு எதிராக ஆடிக் காட்டுவார். தன் சொந்தப் பிளேபுக்கில் கை பழகக் கோச்சுகள் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வெறுமனே பெஞ்சில் வைத்தால் ஒன்றும் வளராது.

ஹூஸ்டனிலிருந்து:

அண்ணா, எங்கள் ஊர்க் கதை நேர் எதிர். 2002இல் டெக்சன்ஸ் புது அணி, ரிலையன்ட் ஸ்டேடியம் புதுசு, டிராஃப்டின் முதல் ஆளாக டேவிட் கார். முதல் ஆட்டமே டாலஸோடு. பந்து கைக்கு வந்த முதல் முறையிலேயே டச்டவுன் பாஸ், 19-10 என்று வெற்றி. பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினார். அந்த இரவு இந்த ஊருக்கு நிறைய நம்பிக்கை கொடுத்தது.

அப்புறம் அடி. அந்த சீசனில் கார் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன் வீழ்த்தப்பட்டார். ஒரே சீசனில் வேறு எந்தக் குவாட்டர்பேக்கும் அவ்வளவு வாங்கியதில்லை. குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையைத் தாங்குவார் என்று, புது அணி மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுக்கும் எக்ஸ்பான்ஷன் டிராஃப்டில் முதலில் எடுத்த டோனி பொசெல்லி தோள் காயத்தால் டெக்சன்ஸுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை. சீசன் பாதியில் என் இருக்கையிலிருந்தே தெரிந்தது. கார் பந்தை வாங்கத் தூரத்தில் ஓடும் ரிசீவரைப் பார்ப்பதை விட்டு, பாய்ந்து வருகிறவனைப் பார்க்க ஆரம்பித்தார். தோளைக் குறுக்கி, பந்தை நெஞ்சோடு அணைத்து, விழத் தயாராகிவிடுவார். அந்தப் பயம் ஒருமுறை உடம்பில் ஏறினால் இறங்குவதில்லை. எனக்கு இன்றும் ஆதங்கம்தான், அவர் கையில் நல்ல திறமை இருந்தது.

அதே ஊரில் 2023இல் சி.ஜே. ஸ்ட்ரௌட் முதல் வாரத்திலிருந்தே ஆடினார். அணிக்கு 10 வெற்றி, 7 தோல்வி, அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர், பிளேஆஃபில் கிளீவ்லாந்தை 45-14 என்று அடித்தார்கள். உடனே இறக்குவது தப்பு என்று அதனால் சொல்ல மாட்டேன். அவர் முன்னால் லாரமி டன்சில் மாதிரி, இடப்பக்கம் காவல் நிற்கும் ஒரு லெஃப்ட் டாக்கிள் நின்றார். காருக்கு அப்படி ஒருவர் இல்லை.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியாவிலிருந்து:

பொறுமையைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 2021இல் எங்கள் பக்கத்து சான் பிரான்சிஸ்கோவின் ஃபார்ட்டி நைனர்ஸ் டிராஃப்டின் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து வரிசையில் மேலே போய் ட்ரே லான்ஸை எடுத்தார்கள். கல்லூரியில் ஒரே ஒரு முழு சீசன் ஆடிய பையன். கோவிட் வருடத்தில் அவர் ஆடியது ஒரு ஆட்டம். அவரைக் கொண்டுவந்து ஜிம்மி கராப்போலோவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். 2022இல் ஸ்டார்ட்டர் ஆக்கினார்கள், இரண்டாவது வாரம் சியாட்டிலோடு கணுக்கால் உடைந்தது. நான் லீவைஸ் ஸ்டேடியத்தில் இருந்தேன். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது இரண்டு அணி வீரர்களும் சுற்றி வந்து தோளைத் தட்டினார்கள். அந்த சீசன் முடிவில் ஆடியது டிராஃப்டில் 262ஆவதாக, கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி. அவர் அயோவா ஸ்டேட்டில் நான்கு வருடம் ஆடிப் பழகியவர். லான்ஸுக்குத் தேவைப்பட்டது ஆட்டம். காத்திருப்பு அல்ல.

ஆனால் அந்த ஆட்டத்துக்கு எங்கே போவது? முன்பு என்.எஃப்.எல். லீக் ஐரோப்பாவில் நடத்திய என்.எஃப்.எல். யூரோப் இருந்தது. கர்ட் வார்னர் 1998இல் ஆம்ஸ்டர்டாமில் ஆடிவிட்டு வந்து 1999இல் ராம்ஸ் அணிக்காக ஆடி எம்.வி.பி., அதாவது அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர் ஆனார், சூப்பர் பௌலும் ஜெயித்தார். 2007இல் அதை மூடிவிட்டார்கள். நாற்றங்கால் போய்விட்டது, மிஞ்சியது வயல் மட்டும். போதாக்குறைக்கு லீகும் வீரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தம் புதியவர்களின் சம்பளத்தைக் குறைத்தது. 2010இல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர், அடுத்த வருடம் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 22 மில்லியன். குவாட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்த நான்கு வருடத்துக்குள் ஜெயித்துவிட வேண்டும் என்ற அவசரம் அங்கிருந்துதான் வருகிறது.

என் மகன் ஹைஸ்கூலில் பத்தாம் வகுப்பு, குவாட்டர்பேக். பள்ளியின் முதல் அணியான வர்சிட்டியில் மூன்றாவது ஆளாக ஜெர்சி போட்டுக்கொண்டு நிற்கலாம், இல்லை இரண்டாம் அணியான ஜே.வி.யில் எல்லா ஆட்டமும் ஆடலாம் என்றார் கோச். பையனுக்கு வர்சிட்டி ஆடும் வெள்ளிக்கிழமை இரவு விளக்கு வெளிச்சத்தில் நிற்க ஆசை. நானும் அவன் அம்மாவும் ஜே.வி. பக்கம் பேசினோம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் சரி என்றான். மூன்றாவது ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன், எறிந்த பந்தை எதிரணியே பிடித்துவிட்டது. மறுநாள் கோச் அவனை உட்கார வைத்து நான்கையும் வீடியோவில் ஓட்டி, ஒவ்வொன்றிலும் எதிரணியின் பின்வரிசைக் காவலனான சேஃப்டி எங்கே நிற்கிறான் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். அடுத்த வாரமும் அவன்தான் ஸ்டார்ட்டர்.

உங்கள் பிள்ளைகள் யாராவது வர்சிட்டி பெஞ்சில் ஒரு வருடம் இருந்துவிட்டு ஆட வந்திருந்தால், அந்த வருடம் பயிற்சியில் அவர்களுக்கு எவ்வளவு பந்து கிடைத்தது என்று எழுதுங்கள். அடுத்த சீசனுக்கு இதே கேள்வி எங்கள் வீட்டுக்கு வரும்.