கரைசல் வெளுக்கும் அந்தச் சில நிமிடங்கள்

சிலிக்காசாமி:
மீசோபோரஸ் சிலிக்கா, அதாவது சில நானோமீட்டர் அளவுத் துளைகள் நிறைந்த சிலிக்காத் துகள், செய்தவர்கள் பார்த்ததை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன். நாங்கள் செய்வது துளைகள் அறுகோணமாக அடுக்கியிருக்கும் எம்சிஎம்-41 வகை. தண்ணீரில் சிடிஏபி (சோப்பு போலத் தலையும் வாலும் உள்ள மூலக்கூறு), கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், 80 டிகிரி சூடு, அப்புறம் சிலிக்காவைத் தரும் டிஇஓஎஸ் என்ற திரவம் சொட்டுச் சொட்டாக. டிஇஓஎஸ் தண்ணீரோடு சேராது, எண்ணெய்த் துளிகளாகச் சுற்றும். காரம் அதைச் சிதைக்கச் சிதைக்க எதிர்மின் சிலிகேட் உண்டாகும். சிடிஏபியின் தலைப்பக்கம் நேர்மின். இரண்டும் ஒட்டிக்கொள்ள, தெளிவாக இருந்த கரைசல் சில நிமிடங்களில் வெளுத்துவிடும்.

மைசெல்கள் (சிடிஏபி மூலக்கூறுகள் வாலை உள்ளே வைத்துச் சேர்ந்த திரள்கள்) முதலிலேயே அறுகோணமாக அடுக்கி நிற்கும், சிலிக்கா அதன் மேல் பூசிக்கொள்ளும் என்று படம் போடுகிறார்களே, எனக்கு அந்தப் படம் பிடிக்காது. நாம் போடுகிற நீர்த்த செறிவில் சிடிஏபி தனியாக அப்படி அடுக்காது. சிலிகேட் வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து அடுக்குகின்றன. 1992இல் மொபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் எம்சிஎம்-41ஐ அறிவித்தபோதே, இப்படியும் நடக்கலாம் என்று இரண்டாவது வழியாகச் சொல்லியிருந்தார்கள்.

துளை 2–3 நானோமீட்டரில் நிற்பதற்குக் காரணம் சிடிஏபியின் 16 கார்பன் வால். துகள் எவ்வளவு பெரிதாகும் என்பது வேறு கணக்கு: துகள் வளரத் தொடங்கும் கருக்கள் எத்தனை ஒரே நேரத்தில் தோன்றின என்பதைப் பொறுத்தது.

கண்ணாடிக்குடுவை:
சரிதான் அண்ணா. சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் ட்ரைஎத்தனாலமைன் என்ற மென்காரம் போட்டுப் பாருங்கள், துகள் அளவு 100 நானோமீட்டருக்கும் கீழே இறங்கும். அது சிலிகேட்டைப் பிடித்துவைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்தும், துகள்கள் ஒட்டிக்கொள்வதையும் குறைக்கும். இன்னொன்று, ஏசி அறையில் இரவு முழுக்க வைத்த சிடிஏபி கரைசலில் காலையில் படிகம் விழுந்திருக்கும். ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே அது கரைந்து நிற்காது. சூடாக்கி நன்றாகத் தெளிந்த பிறகே நான் டிஇஓஎஸ் பாட்டிலைத் திறப்பேன்.

நானோநங்கை:
எனக்குப் பெரிய தலைவலி கடைசிக் கட்டம்தான். சிடிஏபி உள்ளே இருக்கும்வரை துளை அடைத்தே கிடக்கும். 550 டிகிரியில் சுட்டால் அது எரிந்துபோகும், ஆனால் அடுத்தடுத்த துகள்களின் மேலுள்ள ஹைட்ராக்சில்கள் தண்ணீரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பிறகு மீயொலியால் எவ்வளவு அதிரவைத்தாலும் (சோனிகேட்) முழுதாகப் பிரியாது. துளையில் மருந்தை ஏற்றி உயிருள்ள செல்லில் சோதிக்கப்போகிறவர்கள் அம்மோனியம் நைட்ரேட் கரைத்த எத்தனாலில், 60 டிகிரியில், திரும்பத் திரும்பக் கழுவுங்கள். சிடிஏபி மிச்சமிருந்தாலே செல் செத்துவிடும். அப்புறம் கொன்றது மருந்தா, சிடிஏபியா என்று கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கேட்பார்.